கண்ணாடியில் விழுந்த கீறலுக்குக் கூலியில் ஏன் வெட்டு?

சென்னையை அடுத்த பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் வசிக்கும் பெண் தொழிலாளர் ஒருவர், தம் சம்பளச் சீட்டுடன் ஒரு மாலை என் அலுவலகத்துக்கு வந்தார். ஓ.எம்.ஆர். சாலையில் புதிதாகக் கட்டி முடித்த அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், வீடுகளை உரிமையாளர்களிடம் ஒப்படைப்பதற்கு முன் செய்யும் ‘டீப் கிளீனிங்’ வேலைக்கு ஒப்பந்ததாரர் ஒருவர் அவரை அனுப்பியிருந்தார். அவருக்கு ஒதுக்கப்பட்டவை சன்னல்கள். சுவருக்கும் கூரைக்கும் அடித்த பெயிண்ட் கண்ணாடிகளில் சிதறிக் காய்ந்து கிடந்தது. பிளேடால் சுரண்டி எடுக்கும்படி சூப்பர்வைசர் சொன்னார். அவரும் எடுத்தார். மறுநாள் காலை வெயில் பட்டபோது இரண்டு கண்ணாடிகளில் மெல்லிய கீறல்கள் தெரிந்தன. அந்த மாதச் சம்பளம் 11,000 ரூபாயில் 6,000 ரூபாய் ‘டேமேஜ்’ என்ற ஒற்றைச் சொல்லின் கீழ்ப் பிடிக்கப்பட்டிருந்தது.

“கண்ணாடியில ஏற்கெனவே என்ன இருந்துச்சுன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?” என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியின் முழுப் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. அந்தக் கண்ணாடியைப் பற்றிப் படித்த பிறகே விளங்கியது. அவருடைய கேள்வியில் தொழில்நுட்பம், சட்டம், சாதி ஆகிய மூன்றும் கலந்திருக்கின்றன. மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

பெயிண்டைச் சிந்தியவர் யார்?

காய்ந்த பெயிண்ட் கண்ணாடியில் தானாக வருவதில்லை. வண்ணம் அடிப்பதற்கு முன் சன்னல் சட்டத்தின் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி, கண்ணாடியின் மேல் பிளாஸ்டிக் தாளையோ பழைய செய்தித்தாளையோ மூடினால் பெரும்பகுதிச் சிதறல் கண்ணாடியைத் தொடாது. தெறித்ததை ஈரம் காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்தால் எமல்ஷன் பெயிண்ட் எளிதில் போய்விடும். இவை இரண்டும் செய்யப்படாதபோதுதான் காய்ந்த பெயிண்ட் என்ற சிக்கல் பிறக்கிறது.

ஏன் செய்வதில்லை? சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை பேசி வேலை எடுக்கும் பெயிண்டிங் ஒப்பந்ததாரருக்கு டேப் ஒரு செலவு. அதை ஒட்டுவதற்கான நேரம் இன்னொரு செலவு. துடைப்பதற்கு ஆளை நிறுத்துவது மூன்றாவது செலவு. ‘கடைசியில் கிளீனிங் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்ற ஒரு வாக்கியத்தில் இந்த மூன்று செலவுகளும் கணக்கிலிருந்து மறைந்துவிடுகின்றன. உண்மையில் அவை மறைவதில்லை. பில்டரிடமிருந்து பெயிண்டிங் ஒப்பந்ததாரருக்கும், அவரிடமிருந்து துப்புரவு ஒப்பந்ததாரருக்கும், கடைசியாக அன்றாடக் கூலிக்கு வந்து நிற்கும் ஒரு பெண்ணின் தலைக்கும் இறங்கிவிடுகின்றன. சங்கிலியில் பேரம் பேசும் வலிமை மிகக் குறைவாக உள்ளவரிடம் செலவு போய்த் தங்குகிறது.

இது ‘வெறும் துடைப்பு’ அல்ல

காய்ந்த பெயிண்டை எடுப்பது எத்தகைய வேலை என்பதைச் சட்டம் பேசுவோரும் அறிந்திருக்க வேண்டும்.

முதலில், என்ன பெயிண்ட் என்று தெரிய வேண்டும். நீரில் கரையும் எமல்ஷன் என்றால் சோப்புக் கலந்த வெந்நீரில் நன்கு ஊறவிட்டால் இளகும். எண்ணெய் வகை எனாமல் நீருக்கு இளகாது. தின்னரோ டர்பன்டைனோ தேவைப்படும். அவை சன்னல் ஓரத்து ரப்பரையும் பிளாஸ்டிக் சட்டத்தையும் கெடுக்கக்கூடியவை, தீப்பற்றக்கூடியவை. காற்றோட்டமில்லாத அறையில் அவற்றின் ஆவி தலைவலியையும் மயக்கத்தையும் தரும்.

அடுத்து, பிளேடைப் பிடிக்கும் முறை. கண்ணாடி முழுமையாக நனைந்திருக்க வேண்டும். பிளேடு புதியதாக, துருவோ பிசிறோ இல்லாததாக இருக்க வேண்டும். தாழ்ந்த சாய்வில் வைத்து முன்னோக்கி மட்டுமே தள்ள வேண்டும். ஒவ்வொரு தள்ளலுக்குப் பின்னும் பிளேடைத் தூக்கித் துடைத்து மீண்டும் வைக்க வேண்டும். பின்னுக்கு இழுத்தால் பிளேடின் அடியில் சிக்கிய மணல் துகளே கண்ணாடியைக் கீறிவிடும். புதுக் கட்டடத்தில் மணலும் சிமெண்ட் தூசியும் படியாத இடமே கிடையாது. வெப்பத்தைத் தடுக்க மேற்பூச்சு இட்ட கண்ணாடி என்றால், பூச்சு உள்ள பக்கத்தில் பிளேடே படக்கூடாது.

பழைய கட்டடங்களில் இன்னோர் ஆபத்தும் உண்டு. வீட்டு உபயோக, அலங்கார பெயிண்டுகளில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016இல் வகுக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய எனாமல் அடுக்குகளில் அதைவிட அதிகக் காரீயம் இருக்க வாய்ப்புண்டு. அதை நனைக்காமல் உலர்ந்த நிலையில் சுரண்டினால் எழும் தூசி சுரண்டுபவரின் நுரையீரலுக்கும், அவர் சேலையில் ஒட்டி வீட்டிலுள்ள குழந்தைகளிடமும் போகும்.

வேதிப்பொருள், பரப்பு, கருவி, கோணம், விசை ஆகிய அனைத்தையும் அறிந்து செய்ய வேண்டிய வேலை இது. ஆயினும் கூலிப் பட்டியலில் இதன் பெயர் ‘கிளீனிங்’, தரம் ‘திறன் சாரா வேலை’.

கண்ணாடிக்குள் இருந்த குற்றம்

இப்போது அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வருவோம். மேற்சொன்ன அனைத்தையும் முறையாகச் செய்தாலும் கீறல் விழும் கண்ணாடிகள் உண்டு.

அடுக்குமாடிகளிலும் அலுவலகங்களிலும் பெருமளவு பயன்படுவது ‘டஃபண்ட் கிளாஸ்’ எனப்படும் கடினப்படுத்திய கண்ணாடி. தேவையான அளவுக்கு வெட்டி, ஓரம் தேய்த்து, கழுவிய பின் உலையில் 600 டிகிரி செல்சியசுக்கும் மேலாகச் சூடேற்றி, காற்றைப் பாய்ச்சிச் சட்டென்று குளிரவைத்து இதைத் தயாரிக்கிறார்கள். வெட்டும்போதும் தேய்க்கும்போதும் உதிரும் கண்ணாடித் தூள் சரியாகக் கழுவப்படாமல் உலைக்குள் போனால், அல்லது உலையின் உருளைகள் சுத்தமாக இல்லாவிட்டால், அத்துகள்கள் கண்ணாடியின் மேற்பரப்பில் உருகி ஒட்டிக்கொள்கின்றன. கண்ணுக்கு அவை தெரிவதில்லை. விரலால் தடவினால் நுண்ணிய சொரசொரப்பாகத் தோன்றும். பிளேடு செல்லும்போது மணலின் மேல் செல்வது போன்ற ஒலி எழும். பிளேடு அத்துகளைப் பெயர்த்து இழுத்துச் செல்லும்போது, கண்ணாடித் துகளே கண்ணாடியைக் கீறுகிறது. கடினப்படுத்திய கண்ணாடியைப் பிறகு வெட்டிச் சரிசெய்ய முடியாது. முழுப் பலகையையும் மாற்ற வேண்டும். இழப்புத் தொகை பெரிதாவது இதனால்தான்.

ஆக, கீறலை உண்டாக்கியது தொழிற்சாலையின் கவனக்குறைவாக இருக்கலாம். பெயிண்டைச் சிந்தவிட்டவரின் கவனக்குறைவாக இருக்கலாம். எந்தக் கண்ணாடி என்று சொல்லாமல், பழைய பிளேடைக் கொடுத்து அவசரப்படுத்திய சூப்பர்வைசரின் கவனக்குறைவாகவும் இருக்கலாம். தொழிலாளியின் பிழையாக இருப்பதற்கும் இடமுண்டு. இவற்றுள் எது என்று விசாரிக்காமலே விடை எழுதப்பட்டுவிடுகிறது.

அமெரிக்காவில் சன்னல் துப்புரவை நடத்துபவர்கள் இந்த உலைத்துகள் சிக்கலைப் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறார்கள். புதுக் கட்டட வேலையைத் தொடங்குவதற்கு முன், கீறலுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்ற ஒப்புதலில் கட்டட ஒப்பந்ததாரரிடம் கையொப்பம் வாங்குவது அங்கே பலரும் பின்பற்றும் தொழில் வழக்கம். அங்கே துப்புரவாளர் பலர் சிறு தொழில் முனைவோர். ‘கையொப்பம் இல்லையேல் வேலை இல்லை’ என்று அவர்களால் சொல்ல முடிகிறது. இங்கே ஒப்பந்தத்தில் தொழிலாளியின் பெயர்கூட இருப்பதில்லை. கண்ணாடி இரண்டு நாடுகளிலும் ஒன்றுதான். பொறுப்பு மட்டும் இடம் மாறுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

கூலியில் முதலாளி விருப்பம்போல் பிடித்தம் செய்ய முடியாது. 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்திலிருந்தே இதுதான் நிலை. அச்சட்டத்தை உள்ளடக்கிய 2019ஆம் ஆண்டு ஊதியங்கள் பற்றிய தொகுப்புச் சட்டம், ஏனைய மூன்று தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுடன் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. பிடித்தம் பற்றிய விதி சாரத்தில் மாறவில்லை. பிரிவு 18இன்படி, சேதத்துக்காகப் பிடித்தம் செய்ய வேண்டுமானால், அப்பொருள் பாதுகாப்புக்காகத் தொழிலாளியிடம் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். சேதம் அவருடைய கவனக்குறைவாலோ தவறாலோ நேரடியாக விளைந்ததாகவும் இருக்க வேண்டும். பிரிவு 21இன்படி, பிடித்தம் உண்மையான சேத மதிப்பைத் தாண்டக்கூடாது. தொழிலாளிக்கு விளக்கமளிக்க வாய்ப்புத் தந்த பின்னரே பிடிக்க வேண்டும். ஒரு ஊதியக் காலத்தின் மொத்தப் பிடித்தம் ஊதியத்தில் பாதியைத் தாண்டக்கூடாது.

அந்தச் சம்பளச் சீட்டை இவற்றோடு ஒப்பிடுவோம். 11,000இல் 6,000 என்பது பாதிக்கும் மேல். விளக்கம் எதுவும் கேட்கப்படவில்லை. சேதத்தின் மதிப்பை யாரும் கணக்கிட்டுக் காட்டவில்லை. கவனக்குறைவு நிறுவப்படவில்லை. இவை அனைத்துக்கும் மேலாக, கட்டடத்தில் பொருத்திய சன்னல் ‘பாதுகாப்புக்காக ஒப்படைக்கப்பட்ட பொருள்’ ஆகுமா? ஆகாது என்பதே என் வாதம். கிடங்குக் காவலரிடம் சரக்கை ஒப்படைப்பதும், ஒருவரைச் சுவரில் உள்ள கண்ணாடியைத் துடைக்கச் சொல்வதும் ஒன்றல்ல.

தொழிலாளிக்குச் சாதகமான வேறு சில பிரிவுகளும் இத்தொகுப்பில் உள்ளன. சட்டவிரோதப் பிடித்தம் குறித்த கோரிக்கையை எழுப்ப முன்பு 12 மாத அவகாசமே இருந்தது. இப்போது மூன்று ஆண்டுகள். பிரிவு 59இன்படி மெய்ப்பிக்கும் சுமை முதலாளியுடையது. பிரிவு 45இன்கீழ் கோரிக்கைத் தொகையுடன் அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கும் அதிகாரம் உரிய அலுவலருக்கு உண்டு. ஏட்டில் இவ்வளவும் இருக்கிறது. இதை எடுத்துக் கையாளத் தெரிந்தவர்கள் அந்தக் குடியிருப்புகளில் எத்தனை பேர் என்பதுதான் நம் முன் உள்ள கேள்வி.

திறனை எப்போது ஒப்புக்கொள்கிறார்கள்?

சட்டத்தின் மற்றொரு முகத்தையும் பார்த்தாக வேண்டும். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்கீழ், ஒன்றிய அரசு 1976 டிசம்பர் 9 அன்று ஓர் அறிவிக்கை வெளியிட்டது. ஒன்றிய அரசின் வரம்புக்குட்பட்ட நிறுவனங்களின் கட்டடங்களைப் பெருக்குதல், சுத்தம் செய்தல், தூசி தட்டுதல், காவல் காத்தல் ஆகிய வேலைகளில் ஒப்பந்த முறையை அது தடை செய்தது. துப்புரவுத் தொழிலாளருக்குப் பெரிய பாதுகாப்பாக இருந்திருக்க வேண்டிய அறிவிக்கை அது. ஆனால் அதிலேயே ஒரு விதிவிலக்கு இருந்தது. பல மாடிக் கட்டடங்களின் வெளிப்புறத்தைச் சுத்தம் செய்வது, தனித்த அனுபவம் இன்றிச் செய்ய இயலாத வேலையாக இருந்தால், அதற்கு இத்தடை பொருந்தாது.

சன்னல் கண்ணாடி துடைப்பவரின் வேலைக்குத் தனித்த அனுபவம் தேவை என்பதை அரசு 1976லேயே அறிந்திருந்தது என்பதே இதன் பொருள். அந்த அறிவைக் கூலியை உயர்த்தப் பயன்படுத்தவில்லை. பாதுகாப்பிலிருந்து அவரை வெளியேற்றுவதற்கே பயன்படுத்தியது.

அந்த அறிவிக்கையும் நிலைக்கவில்லை. 1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்பந்த முறை தடை செய்யப்பட்ட பணிகளில் இருந்தவர்களை முதன்மை நிறுவனம் நேரடித் தொழிலாளராக ஏற்க வேண்டும் என்றது. 2001இல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் அரசியல் சாசன அமர்வு அத்தீர்ப்பை மாற்றியதோடு, 1976 அறிவிக்கையையும் எதிர்காலத்துக்குச் செல்லாததாக்கியது. இன்று நடைமுறையில் உள்ள 2020ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் மையப் பணிகளில் ஒப்பந்த முறையைத் தடை செய்கிறது. ஆனால் பெருக்குதல், சுத்தம் செய்தல், தூசி தட்டுதல், கழிவகற்றல் உள்ளிட்ட துப்புரவுப் பணிகள், அதற்கென்றே அமைந்த நிறுவனத்தில் அல்லாமல், மையப் பணி ஆகா என்று அதன் வரையறையே சொல்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான ஆள் எண்ணிக்கையும் 20இலிருந்து 50ஆக உயர்த்தப்பட்டுள்ளது. பத்துப் பதினைந்து பேரை வைத்து டீப் கிளீனிங் நடத்துபவர் இந்த வலைக்குள் வரவே மாட்டார்.

மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். கூலி நிர்ணயிக்கும்போது இது திறனற்ற வேலை. பாதுகாப்பை மறுக்கும்போது திறன்மிக்க வேலை. கீறல் விழுந்தாலோ, கண்ணாடியின் உலைத்துகளைக்கூட முன்னறிந்திருக்க வேண்டிய வல்லுநரின் வேலை. தொழிலாளிக்கு எது இழப்போ அந்த விளக்கமே ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

சாதி எங்கே இருக்கிறது?

‘கண்ணாடி துடைப்பதில் சாதி எங்கே வந்தது?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஓ.எம்.ஆர். சாலையின் வரைபடத்தைப் பார்க்கச் சொல்வேன். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய குடியிருப்புகள் 2000ஆம் ஆண்டு முதல் நகரின் மையத்திலிருந்து அகற்றப்பட்ட மக்களைக் கொண்டு உருவானவை. அங்குள்ளோரில் பெரும்பான்மையோர் தலித் மக்கள். கூவம், அடையாறு கரைகளில் இருந்தபோது தங்களுக்குத் தெரிந்த வேலைகளையும் வாடிக்கைகளையும் இழந்து வந்தவர்களுக்கு, அருகிலிருந்த கண்ணாடிக் கட்டடங்கள் முதன்மையாகத் திறந்துவிட்ட கதவு ஹவுஸ்கீப்பிங். பொறியியல் படித்த பிள்ளைக்கு அதே கட்டடத்தின் முன்வாசல் எளிதில் திறப்பதில்லை.

சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்பவர்களையே மேல் கீழாக அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936லேயே விளக்கினார். அதை இந்தச் சன்னலில் காணலாம். பெயிண்ட் அடிப்பவர் ‘பெயிண்டர்’. அவருக்குத் தொழிற்பெயர் உண்டு, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் இடம் உண்டு. அவருடைய வாழ்வும் எளிதன்று, அவர் நம் எதிரியுமல்லர். ஆனால் அவர் சிந்தியதை நீக்குபவர் ‘கிளீனிங் ஆள்’. ஒரு செயல் ‘சுத்தம் செய்தல்’ என்று பெயர் பெற்றவுடன் அதிலுள்ள அறிவு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. இந்தச் சமூகம் சுத்தம் செய்வதைப் பிறப்போடு கட்டிவைத்திருப்பதால், அது கற்றுக்கொண்ட திறனாக அல்லாமல் அவர்களுடைய இயல்பாகக் கருதப்படுகிறது. இயல்புக்கு யார் கூலி உயர்த்துவார்கள்?

‘வீடு வாங்கியவரின் இழப்புக்கு யார் பொறுப்பு?’ என்பது நியாயமான எதிர்க்கேள்வி. வாழ்நாள் சேமிப்பில் வீடு வாங்கியவருக்குக் கீறல் இல்லாத கண்ணாடி கிடைக்க வேண்டும். அதைத் தர வேண்டியவர் விற்றவர். அவர் கண்ணாடி விற்றவரிடமோ பெயிண்டிங் ஒப்பந்ததாரரிடமோ கேட்டுப் பெறட்டும், காப்பீடு எடுக்கட்டும். லாபத்தில் பங்கில்லாதவரை நட்டத்தில் மட்டும் பங்காளியாக்குவது எந்த வணிக நீதி?

செய்ய வேண்டியவை

முதலாவது, மாஸ்கிங் டேப்பும் மூடுதாளும் பெயிண்டிங் ஒப்பந்தத்தின் கட்டாயப் பகுதியாக வேண்டும். இரண்டாவது, எந்தச் சன்னலில் எந்தக் கண்ணாடி என்ற விவரத்தை வேலை தொடங்கும் முன் தொழிலாளியிடம் தர வேண்டும். கடினப்படுத்திய கண்ணாடியின் மூலையில் பெரும்பாலும் முத்திரை இருக்கும். மூலையில் சிறு இடத்தில் சோதித்து, சொரசொரப்போ ஒலியோ தென்பட்டால் பிளேடை நிறுத்தும் உரிமை தொழிலாளிக்கு வேண்டும். மூன்றாவது, புதுப் பிளேடு, கையுறை, முகக்கவசம், காற்றோட்டம் ஆகியவை முதலாளியின் செலவாக வேண்டும். நான்காவது, காய்ந்த பெயிண்டும் சிமெண்டும் நீக்கும் வேலையைத் திறன்சார் வேலையாக வகைப்படுத்தி அதற்குரிய குறைந்தபட்சக் கூலியை மாநில அரசு நிர்ணயிக்க வேண்டும்.

மாணவத் தோழர்கள் செய்யக்கூடியதும் உண்டு. வேலை தொடங்கும் முன் கண்ணாடியைக் கைபேசியில் படமெடுத்து வைக்கும் பழக்கத்தை உங்கள் பகுதித் தொழிலாளரிடம் கொண்டுசெல்லுங்கள். வெயிலுக்கு எதிராகச் சாய்வாக எடுத்தால் பழைய கீறல் தெரியும். சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், அது சட்டப்படியான உரிமை. பிடித்தம் இருந்தால் அதன் காரணத்தை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். மூன்று வரிகளில் ஒரு கடிதம் எழுதித் தர சட்டப் பட்டம் தேவையில்லை.

அந்தப் பெண்ணுக்காக ஒப்பந்ததாரருக்கு அறிவிப்பு அனுப்பினேன். பிரிவுகளைக் குறிப்பிட்டு, விசாரணைக் குறிப்பும் சேத மதிப்பீடும் கேட்டேன். மூன்றாம் வாரம் 6,000 ரூபாய் அவர் கணக்கில் வந்து சேர்ந்தது. விளக்கம் வரவில்லை. வருத்தமும் தெரிவிக்கப்படவில்லை. அந்த ஒப்பந்ததாரரிடமிருந்து அவருக்கு மீண்டும் வேலைக்கு அழைப்பும் வரவில்லை.

அறிவிப்பால் பணத்தை மீட்க முடிந்தது, வேலையை மீட்க முடியவில்லை. தனியொருவராகக் கேட்டவரை நாளை அழைக்காமல் விடுவது எளிது. ஒரு குடியிருப்பின் துப்புரவுத் தொழிலாளர் அனைவரும் சேர்ந்து கேட்டால் யாரை அழைக்காமல் விடுவார்கள்? பெரும்பாக்கத்தில் இப்போது பதினோரு பெண்கள் ஞாயிறுதோறும் கூடுகிறார்கள். தங்கள் சம்பளச் சீட்டுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கிறார்கள். அவரும் அவர்களில் ஒருவர்.